சுதந்திர தின மீன் குழம்பு

என் வீட்டுக்காரர் விஜயனை தேசத்துரோகி என்றார்கள். அவர் செய்த குற்றம், ஆஸ்பத்திரியில் பூட்டிக் கிடக்கும் டாக்டர் அறையைப் போனில் படம் பிடித்து, இங்கே டாக்டர் எப்போது வருவார் என்று கேட்டு நாலு பேருக்கு அனுப்பியதுதான்.

கேட்காமல் என்ன செய்வார்? போன வருஷம் எனக்கு வலி எடுத்தபோது இந்த நிக்கோபார் தீவில் டாக்டர் இல்லை. போர்ட் பிளேர் கப்பலில் ஏற்றினார்கள். பிள்ளை கப்பலிலேயே பிறந்து, கரை தெரியும் முன்பே போய்விட்டது. இப்போது எனக்கு மறுபடியும் ஏழாம் மாதம். அந்த அறை இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது. பூட்டிப் போட்டவர்கள் துரோகி இல்லையாம், படம் பிடித்தவர் துரோகியாம். நல்ல நியாயம்.

ரப்பர் தோட்டத்து சூப்பர்வைசர் சந்திரசேகர் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். சுதந்திர தினத்துக்குப் பெரிய அதிகாரி ஒருவர் வருகிறார், விருந்து முடிந்ததும் விஜயன் மைக்கில் மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் தோட்டத்தில் மஸ்தூர் கூலி வேலை இருக்காது என்றார். இவர் முடியாது என்று எழுந்து போனார். மாமனார்தான் சந்திரசேகரைக் கும்பிட்டு, மகனை நான் கேட்க வைக்கிறேன் சாப் என்று அனுப்பினார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

மாமனார் பெரியதம்பி சிலோன் மலைத் தோட்டத்தில் பிறந்தவர். நீ இந்தியாக்காரன் என்று அங்கிருந்து அனுப்பினார்கள். இங்கே வந்து இறங்கியதும் சிலோன்காரன் என்றார்கள். லயம் என்கிற தோட்டத்து வரிசை வீட்டில் குடிவைத்து வேலை கொடுத்த நாட்டை ஒரு வார்த்தை சொல்லக் கூடாது என்பது அவர் சட்டம். எங்கள் லயம் முழுக்க அப்படித்தான். எந்த அதிகாரி வந்து "கோயி தக்லீஃப்?" என்று கஷ்டத்தை விசாரித்தாலும், மாமனார் முன்னால் நின்று "சப் டீக் ஹை, சாப்" என்பார். எல்லாம் நன்றாக இருக்கிறதென்று பின்னால் நிற்கும் கூட்டமும் தலையாட்டும். சுனாமியில் எல்லாம் போய்த் தகரக் கொட்டகையில் கிடந்தபோதும் இதைத்தான் சொன்னார்களாம்.

செத்தது உங்கள் பேரப்பிள்ளை இல்லையா என்று மாமனாரிடம் கேட்டே விட்டேன். அவர் கண் கலங்கியது. ஆனாலும் பேச்சு மாறவில்லை.

"எடம் குடுத்தவன் வீட்டுல உக்காந்துகிட்டு கொற சொல்றது அழகில்ல, புள்ள" என்றார்.

சுதந்திர தினத்தன்று வரும் அதிகாரிகளுக்கு லயத்துப் பெண்கள் சேர்ந்து சமைப்பது வழக்கம். மீன் குழம்பு என் பொறுப்பு. நான் புளி கரைத்துக்கொண்டிருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே சந்திரசேகர் என் வீட்டுக்காரரை நிற்க வைத்து, மன்னிப்பை இந்தியில் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்லித் தருவது போல. இவர் வாயே திறக்கவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் குழம்பில் என்ன போட்டேன், என்ன விட்டேன் என்றே தெரியவில்லை.

கொடி ஏறியபோது நானும் எப்போதும்போல முன் வரிசைக்குப் போனேன். அந்தக் கொடிமேல் எனக்கென்ன கோபம்? வயிற்றுப் பிள்ளையோடு நிமிர்ந்து நின்றுதான் வணக்கம் வைத்தேன்.

பந்தியில் அதிகாரிக்குப் பக்கத்தில் மாமனாரை உட்கார வைத்தார்கள். அதிகாரி ஒரு வாய் சாப்பிட்டு, குழம்பு பிரமாதம் என்றார். கூட வந்தவர்களும் அதையே சொன்னார்கள். சந்திரசேகர் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டார். மாமனார் ஒரு வாய் வைத்ததும் முகத்தைச் சுளித்தார்.

"என்ன புள்ள இது? கொழம்புல உப்பே இல்லயே."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உப்புப் போடவே மறந்திருக்கிறேன். ஆனாலும் விடவில்லை.

"பெரியவங்க எல்லாரும் நல்லாருக்குன்னுட்டாங்க. நீங்க மட்டும் கொற சொல்றீங்களே, மாமா."

"அவுங்க விருந்தாளிங்க, தின்னுட்டுக் கப்பலேறிருவாங்க. இது நம்ம சோறு. நாந்தானே சொல்லணும்?"

"அப்ப இந்த நாட்டுல நாம விருந்தாளியா, மாமா?"

அவர் பிசைந்த சோறு கையிலேயே இருந்தது. என் வயிற்றைப் பார்த்தார். பிறகு எழுந்து போய்க் கை கழுவினார்.

விருந்து முடிந்து மைக் வைத்தார்கள். சந்திரசேகர் விஜயன் பெயரைக் கூப்பிட்டார். இவர் நகரவில்லை. ஈரக் கையோடு மாமனார்தான் மைக்கின் முன்னால் போய் நின்றார். அவரைத் தெரியும் என்பதால் அதிகாரி சிரித்துக்கொண்டே வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"கோயி தக்லீஃப், பாபா?"

மாமனார் மைக்கைக் கையில் பிடித்தார்.

"ஹை, சாப்" என்றார். இருக்கிறது.

அதிகாரியின் சிரிப்பு நின்றது. மாமனார் நிறுத்தவில்லை. டாக்டர் இல்லை, என் பேரப்பிள்ளை கப்பலில் செத்தது, இன்னொன்று வரப்போகிறது, என் மகன் மன்னிப்புக் கேட்க மாட்டான் என்று தெரிந்த அரைகுறை இந்தியில் ஒவ்வொன்றாகச் சொன்னார். இது என் வீடு, நான் சொல்லாமல் யார் சொல்வது என்றும் கேட்டார். சந்திரசேகர் ஓடிப்போய் மைக்கைப் பிடித்து இழுத்தார். மாமனார் கொடுக்கவில்லை.

பின்னால் நின்ற எங்கள் கூட்டம் பழக்கத்தில் தலையாட்டிவிட்டது. அவர் என்ன சொன்னார் என்று உறைத்த பிறகும் ஒருவர்கூட ஆட்டுவதை நிறுத்தவில்லை.