நாற்பத்தோரு ஹெஸ்தி

சோதனை அறிக்கையின் கடைசியில் சிவப்பு வரியைப் பார்த்ததும் ரெத்னோ எரிச்சலோடுதான் திரையருகே நகர்ந்து உட்கார்ந்தாள். அவள் சோதித்தது பேருந்துச் சீட்டு விற்கும் தளத்தை. சிவப்பில் இருந்ததோ ஏதோ ஒரு மருத்துவமனையின் முகவரி.

உலாவிக்கும் இணையத்துக்கும் நடுவில், அவள் கணினியிலேயே பிராக்ஸி என்ற ஓர் இடையாள் நிரல் உட்கார்ந்திருக்கும். போகிற கோரிக்கை, வருகிற பதில் எதையும் விடாமல் எழுதிக்கொள்ளும். எழுதியதை நாற்பது பேர் ஒரே சமயத்தில் செய்வதுபோல ஓட்டி, தளம் தாங்குகிறதா என்று பார்ப்பது அவள் பிழைப்பு. மற்ற தளங்களைப் பதியாதே என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். ஐந்து வருட அனுபவசாலிக்கு அந்த ஒரு வரியில் அலட்சியம். மதியத் தொழுகைக்குப் போகும்போது பதிவை நிறுத்தவும் இல்லை. திரும்பி வந்து, என்ன பதிந்திருக்கிறது என்று பார்க்காமலே ஓட்டியும் விட்டாள்.

இப்போது படித்தாள். பெயர் ஹெஸ்தி. வயது நாற்பத்தாறு. மார்பில் கட்டி. ஜகார்த்தாவிலிருந்து மாதம் ஒருமுறை இங்கே செமாராங்குக்கு வரும் டாக்டரிடம் வியாழன் காலை ஒன்பதரைக்கு நேரம் கேட்டு, அது உறுதியாகியும் இருந்தது. அதன்பின் அதே பெயரில் இன்னும் நாற்பது. கடைசிப் பதில் மட்டும் வேறு: 'போலிப் பதிவு எனக் கருதி அனைத்தும் ரத்து.'

ரெத்னோ பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியைப் பார்த்தாள். பக்கத்து மேசை ஹெஸ்தியின் கணினி காலையிலிருந்தே தகராறு. "உன்னோடத கொஞ்ச நேரம் எடுத்துக்கறேண்டி" என்று அவள் கேட்டதும், இவள் தலையாட்டிவிட்டுப் போனதும் நினைவுக்கு வந்தது. பிராக்ஸியின் பதிவை அழித்துவிட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. வியாழக்கிழமை ஹெஸ்தி மட்டும் விவரம் தெரியாமல் அங்கே போய் நிற்பாள்.

ஹெஸ்தி தெம்பே என்ற வறுத்த சோயாத் துண்டுப் பொட்டலத்தோடு வந்தாள். "என்னடி, பேயறஞ்ச மாதிரி உக்காந்திருக்கே?"

"அக்கா, பதிவ நிறுத்தாமப் போயிட்டேன். நீங்க மத்தியானம் போட்ட அப்பாயின்ட்மென்ட்டும் அதுல விழுந்திருச்சு. பாக்காம நாப்பது தடவ ஓட்டிட்டேன். அவங்க எல்லாத்தையும் கேன்சல் பண்ணிட்டாங்க."

ஹெஸ்தி எண்ணெய் ஊறிய தாளைப் பிரித்துக்கொண்டே இருந்தாள். "படிச்சியா?"

"படிச்சேன்."

"வீட்டுக்காரருக்கே இன்னும் சொல்லலடி. மூணு மாசமாத் தேடிக் கெடச்ச எடம் அது."

 ரெத்னோவுக்கு வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது. ஹெஸ்தியின் கையெல்லாம் எண்ணெய் என்பதால் ரெத்னோவே மருத்துவமனைக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தி மேசைமேல் வைத்தாள். வெகுநேரம் பாட்டு ஓடிய பிறகு ஒரு பெண் எடுத்தாள். பெயரைக் கேட்டாள். தேடினாள்.

"இந்தப் பேர்ல நாப்பத்தோரு பதிவு கெடக்கேம்மா. இதுல நெசமான ஆளு யாரு?"

ஹெஸ்தி சுற்றிலும் ஒருமுறை பார்த்தாள். பிறகு போனை நோக்கிக் குனிந்தாள்.

"நான்தாம்மா. எனக்குத்தான் கட்டி."

அச்சுப்பொறி அருகே நின்றிருந்த இருவர் திரும்பிப் பார்த்தார்கள். எதிர்முனையில் அந்தப் பெண் எதையோ தட்டிக்கொண்டே இருந்தாள்.