குசினி மூலையில் ஒரு முளை

யாகப்புவின் சவப்பெட்டி வாசலைத் தாண்டியதும் வெளியே நின்ற சமையல் குசினியின் மூலையில் முட்டிக்கொண்டு நின்றது. ஊர்காவற்றுறைக் கடற்கரையில் குடிசையோடு குடிசை முதுகுரசி நின்ற அந்தக் குடியிருப்பில் பெட்டி திரும்ப இடம் ஏது?

“கொஞ்சம் சரிச்சுப் பிடிப்பமோ?” என்றார் பக்கத்து வீட்டுப் பஸ்ரியாம்பிள்ளை.

“சரிக்கவோ? தோளிலை நேராய்த்தான் கோயிலுக்குப் போகவேணும்,” என்றாள் மகள் மாக்கிறேற்.

அழுகைக்கு நடுவிலும் மனைவி கத்தரீனாவுக்குச் சிரிப்பு முட்டியது. மனுசன் செத்தும் தன் பாதை வழக்கை விடவில்லை.

கடலுக்குப் போகாத நேரமெல்லாம் யாகப்பு குடியிருப்பைத் திருத்தி அமைக்கவென்று கயிறும் எல்லை முளையுமாக அளந்து திரிந்தார். முதலில் வண்டி வரக்கூடிய பாதை, பிறகு பொதுக்கிணறு, பிறகு ஒவ்வொன்றாய்க் கல்வீடு. “இருவது வருசம் பிடிக்கும். பிடிக்கட்டும்,” என்பார். கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டிவிட்டு, வீட்டுக்குப் போய் வேலியை இன்னும் இறுக்கிக் கட்டினார்கள். “முதல் உங்கடை குசினியை எடுங்கோ அண்ணை,” என்று பஸ்ரியாம்பிள்ளை சொன்னால் அவர் கயிற்றைச் சுருட்டத் தொடங்கிவிடுவார். பாதைக்குக் குறுக்கே நின்ற அந்தக் குசினியைத் தொடக் கத்தரீனா விடவில்லை. “என்ரை அடுப்பிலை கை வைச்சால் உங்களுக்குச் சோறில்லை,” என்று சொல்லி, குசினிக்குப் பின்னால் பாதையின் எல்லையாக அவர் நட்ட முளையிலேயே கருவாட்டுக் கயிற்றைக் கட்டினாள்.

இப்போது அவள் அந்த முளையைப் பார்த்தாள்.

“குசினியைப் பிரியுங்கோ,” என்றாள்.

“பிறகு எங்கை அம்மா சமைக்கிறது?” என்றாள் மாக்கிறேற்.

“அந்தாளை எவ்வளவு நேரம் வெயிலிலை வைச்சிருக்கிறது? பிரியுங்கோ.”

ஓலையும் தடியும் சரிந்தன. பெட்டி திரும்பி, பஸ்ரியாம்பிள்ளையின் வேலியில் மறுபடி நின்றது. எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் கத்தியை எடுத்து வேலிக்கட்டுகளை அறுத்தார். அடுத்த வேலிகளைச் சொல்லாமலே அவிழ்த்தார்கள். யாகப்பு தன் பாதையால் நேராகக் கோயிலுக்குப் போனார்.

பின்னேரம் சேமக்காலையில் அடக்கம் முடிந்து திரும்பியபோது, பஸ்ரியாம்பிள்ளை வேலி அடைக்கும் கிடுகும் கயிறுமாக நின்றுகொண்டிருந்தார். கத்தரீனா அவர் முன்னால் போய் நின்றாள்.

“அடைக்கப் போறீரோ?”

“ஆடு வருமெல்லே அக்கா.” அவர் நிலத்தைப் பார்த்தார். “எங்கை அடைக்கிறதெண்டுதான் தெரியேல்லை.”

கத்தரீனா முளையிலிருந்த கருவாட்டுக் கயிற்றை அவிழ்த்தாள். சாம்பலுக்குள் கிடந்த அடுப்புக் கற்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப்போய் முளைக்கு அப்பால் வைத்தாள். பஸ்ரியாம்பிள்ளை கிடுகைக் கீழே போட்டார். பிறகு தன் பக்கத்தில் யாகப்பு நட்டிருந்த முளையைத் தேடிப் பிடித்து, அதற்கு அப்பால் வேலிக்குக் குழி தோண்டத் தொடங்கினார்.

அவர் மனைவி றோஸ் செத்தவீட்டுக்குச் சோறு கொண்டுவந்தாள். தலையில் பானையோடு, ஒரு வேலிக்கும் குனியாமல், நடுப்பாதையால் வந்தாள்.