எழும்பாத நகல்

பேரையூரில் என் அக்கா மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் என் மடி இல்லாமல் அங்கே ஊசி இறங்காது. ஆனால் என் மனைவி முத்துமீனா, கட்டிய பட்டுப்புடவையோடு, கே.கே. நகர் வீட்டில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவள் வேலை பார்க்கும் மருத்துவமனையின் சர்வர் காலையில் படுத்துவிட்டது. இந்த மாதிரி நேரத்துக்கென்றே இன்னொரு இடத்தில் அதற்கு அச்சு அசலாக ஒரு நகல் வைத்திருந்தார்கள். அந்த நகலும் எழும்பவில்லை. எதிலிருந்து தொடங்குவதென்றே அதற்குப் பிடிபடாமல், கறுப்புத் திரையில் 'பூட் டிவைஸ் இல்லை' என்று மட்டும் காட்டியது.

அந்த மருத்துவமனை வேலைக்கு நாங்கள் இரண்டு பேருமே விண்ணப்பித்தோம். அவளுக்குக் கிடைத்தது. அவள் காலேஜில் படித்துக்கொண்டிருந்தபோதே சர்வர் அறையில் கிடந்தவன் நான். அவள் 'எங்க சர்வர்' என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். பொறாமைதான், வேறென்ன?

அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. அசல் மெஷின் யுஇஎஃப்ஐ என்கிற புதிய முறையில் தொடங்குவது. நகலை அமைத்த மகராசன் பழைய பயாஸ் முறையிலேயே விட்டிருந்தான். செட்டிங்கில் அதை மாற்றினால் போதும், எழும்பிவிடும்.

அவளோ வீட்டிலிருந்தபடி திரையிலேயே நகலின் டிஸ்க்கைக் கழற்றிக் கழற்றி மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏங்க, உங்களுக்கு ஏதாச்சும் தோணுதா?”

“தெரியலையே மீனா,” என்றேன். கொஞ்சம் திணறட்டும், இன்னொரு தடவை கெஞ்சிக் கேட்கட்டும், அப்புறம் சொல்லலாம் என்று இருந்தேன்.

அதற்குள் அக்கா போன் செய்தாள். “எங்கடா இருக்க? ஆசாரி எம்புட்டு நேரமா உக்காந்திருக்காரு!”

“வாரேன்க்கா, வாரேன்.”

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் நகல் ஓடிக்கொண்டிருந்தது.

“பூட் முறைய மாத்தி வச்சிருக்காங்கங்க,” என்று சிரித்தாள். “உங்களுக்கே தெரியலைன்னதும் இன்னைக்கு இது எழும்பாதுன்னே நெனச்சுட்டேன்.”

எனக்கு அப்போதே தெரியும் என்பது நாக்கு நுனிவரை வந்தது. தெரிந்துமா சும்மா நின்றீர்கள் என்று கேட்பாளே. விழுங்கிவிட்டேன்.

அவளுடைய மேலாளர் கிருஷ்ணபிரசாத் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் அவளை வாயாரப் புகழ்ந்துவிட்டு, “உங்க வீட்டுக்காரரும் இதே லைன்தானே? அவர்ட்ட கேட்டுக்கிட்டீங்களா?” என்றார்.

முத்துமீனா என்னைப் பரிவோடு பார்த்தாள். பிறகு போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய், எனக்குக் கேட்கக் கூடாதென்று குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

“பாவம் சார், அவருக்கு இது தெரியாது.”