வாய் மூடிய கேமரா

என் கணவருக்குக் கேமரா பைத்தியம். தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய கேமரா அது, போனிலிருந்தே இயக்கலாம். ஹெல்மெட்டில் மாட்டிக்கொண்டு மலைப்பாதையில் சைக்கிளில் இறங்குவார். வீட்டுக்கு வந்ததும் அதையே நெஞ்சில் கட்டிக்கொண்டு பால் காய்ச்சுவார். பால் பொங்குவதை யார் பார்க்கப் போகிறார்கள்? பதிவு தொடங்கும்போதும் நிற்கும்போதும் அது 'பீப்' என்று கத்தும். நான் நர்ஸ். இரவு வேலை முடிந்து காலையில் கண்ணயர்ந்தால் அந்தச் சத்தம் மண்டையில் ஆணி அடிக்கும். போன வாரம் பொறுமை போய்விட்டது.

"ஒண்ணு அதோட வாய மூடுங்க, இல்ல நான் அம்மா வீட்டுக்குப் போறேன்."

அன்றே சத்தத்தை அணைத்துவிட்டார்.

ஞாயிறு காலை மலையடியில் காரில் காத்திருந்தேன். விழுந்தால் உடைந்துவிடும் என்று தன் போனை என்னிடம் கொடுத்துவிட்டு மேலே போயிருந்தார். இறங்கி வர இருபது நிமிடம் போதும். ஐம்பது நிமிடம் ஆகிவிட்டது. மூடுபனி வேறு. மீட்புக் குழுவை அழைத்தேன். வர முக்கால் மணி நேரமாகும், இருக்கிற இடத்திலேயே இருங்கள் என்றார்கள். இருப்புக் கொள்ளவில்லை.

பாதையில் ஏறினேன். பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. "என்னங்க, என்னங்க" என்று கூப்பிட்டுத் தொண்டை வறண்டது. ஒரு வளைவில் அவருடைய போன் அதிர்ந்தது. 'கேமரா இணைந்தது' என்றது திரை.

அடுக்களையிலிருந்து பால்கனிக்குப் போனாலே தொடர்பு அறுந்துவிடுகிறது என்று அவர் புலம்பியது நினைவுக்கு வந்தது. அப்படியென்றால் பக்கத்தில்தான் எங்கோ கிடக்கிறார். திரையில் சாய்ந்த இலைகள். அசைவே இல்லை. கேமராவின் பேட்டரி நான்கு சதவீதம். பதிவுப் பொத்தானை அழுத்தினேன். கத்தும், ஓடிப் போய்விடலாம்.

கத்தவில்லை. வாயை மூட வைத்ததே நான்தானே.

பயத்தில் புத்தி வேலை செய்யவில்லை. கூப்பிட்டுக்கொண்டே மேலே ஓடினேன். தொடர்பு அறுந்தது. திரும்பி அதே வளைவுக்கு ஓடி வந்து நின்றேன். மறுபடி இணைந்தது. பேட்டரி இரண்டு. அமைப்புகளைத் திறந்தேன். வெளிச்சம், மொழி, தேதி என்று ஏதேதோ வந்தது, ஒலியைக் காணோம். விரல் வியர்வையில் வழுக்கியது. கடைசியில் அகப்பட்டது. முழுச் சத்தம் வைத்துப் பதிவை நிறுத்தினேன்.

பீப்.

இடது பக்கச் சரிவில் கேட்டது. மறுபடி அழுத்தினேன். பீப். புதரைப் பிடித்துச் சறுக்கி இறங்கினேன். பேட்டரி தீர்ந்தபோது அவர் சட்டை என் கைக்குள் இருந்தது.

மூன்று விலா எலும்புகள், ஒரு கால். பிழைத்துக்கொண்டார்.

மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு, அவர் தூங்கும்போது அந்தப் பதிவைப் போட்டுப் பார்த்தேன். சத்தமில்லாமல் நான் தொடங்கியது. இலைகள். அவருடைய மூச்சு. மேலே பாதையில் என் குரல், கிழிந்த துணி மாதிரி. எனக்கு இவ்வளவு பயம் இருந்ததை அப்போதுதான் கேட்டேன்.

"இங்க இருக்கேன்மா" என்கிறார் அவர். நெஞ்சில் அடிபட்டவரின் குரல், முணுமுணுப்புக்கும் கீழே.

என் காலடி மேலே ஏறி ஓடுகிறது.

"போகாத" என்கிறார்.

அதற்கு மேல் பார்க்க முடியவில்லை. மறுநாள் காலை வேலையிலிருந்து வந்ததும் கேமராவை அவர் தலைமாட்டில் வைத்தேன். சத்தம் முழுதாக இருப்பதை அவர் பார்த்துவிட்டார்.

"உனக்குத் தூக்கம் கெடுமே" என்றார்.

"கெடட்டும்" என்றேன்.