ஒரு வாக்கியத்துக்கு இரண்டு மரம்

ஆங்கில மொழியமைப்பு முதுகலை வகுப்பில் அவளுக்கு மரக்கடை என்று பெயர். எந்த ஆங்கில வாக்கியம் கண்ணில் பட்டாலும் கிளை கிளையாகப் பிரித்து, எந்தச் சொல் எதோடு ஒட்டியிருக்கிறது என்று மரம் வரைந்துவிடுவாள். ஷாம்பு அட்டை, மருந்துச் சீட்டு, கரண்ட் பில்லின் பின்பக்கம் எதுவும் தப்பாது.

"ஏண்டி, பில்லுல இப்படிக் கிறுக்கி வச்சா, வேற எவனோ வீட்டு பில்லையும் சேத்து நம்ம தலையில கட்டிடப் போறாங்க" என்பாள் அக்கா. அக்காவுக்குப் பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசை வேலை. தங்கையைப் படிக்கவைப்பது அவள்தான்.

பருவத் தேர்வில் அந்தக் கேள்வியைப் பார்த்ததும் மரக்கடைக்கு வாயெல்லாம் பல். 'த கார்ட் ஸ்டாப்ட் த கேர்ள் வித் த அம்ப்ரெல்லா.' மரம் வரைந்து விளக்க வேண்டும், பத்து மதிப்பெண். குடை வைத்திருந்த பெண்ணைக் காவலாளி நிறுத்தினான் என்றும் கொள்ளலாம். குடையை நீட்டிப் பெண்ணை நிறுத்தினான் என்றும் கொள்ளலாம். தமிழில் 'குடையால்' என்று ஓர் 'ஆல்' உருபு போட்டால் வேலை முடிந்தது. ஆங்கிலத்தில் அந்த 'வித்' எந்தக் கிளையில் உட்காருகிறது என்பதுதான் வழக்கே. அவள் இரண்டு மரங்களையும் வரைந்து, இரண்டு பொருளையும் எழுதிவைத்தாள்.

விடைத்தாள் திரும்பி வந்தபோது பத்துக்கு இரண்டு. பக்கத்தில் சிவப்பு மையில் 'கன்ஃப்யூஸ்டு' என்று ஒரு சொல்.

மொழியமைப்புப் பாடம் நடத்துகிற சாரின் மேசைக்கு நேராகப் போனாள்.

"இதுல என்ன சார் தப்பு?"

"தப்புன்னு சொல்ல முடியாதும்மா."

"அப்புறம் ஏன் ரெண்டு மார்க்?"

"விடைக்குறிப்புல ஒரு மரம்தான் இருக்கு."

"ஒரே வாக்கியத்துக்கு ரெண்டு அமைப்பு வரலாம்னு நீங்கதானே சார் போர்டுல போட்டுக் காட்டினீங்க? உங்க பேச்சைக் கேட்டுத்தானே எழுதினேன்!"

சார் பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். "கேள்வி துறைத்தலைவர் எடுத்தது. குறிப்பும் அவங்க கொடுத்தது. நான் திருத்துறேன், அவ்வளவுதான்."

அவளுக்குக் காதோரம் சுட்டது. அப்படியே துறைத்தலைவர் அறைக்குள் நுழைந்தாள். கண்ணாடி பதித்த மேசைக்குப் பின்னால் இருந்த அந்த அம்மாள் விடைத்தாளைக் கையில்கூட வாங்கவில்லை.

"ரெண்டு விடை எழுதினா எதை உன் விடைன்னு எடுத்துக்கிறது? ஏதாவது ஒண்ணு சரியா இருக்காதான்னு கல் எறிஞ்சு பாத்திருக்க."

"இல்ல மேடம், வாக்கியத்துக்கே ரெண்டு அர்த்தம்..."

துறைத்தலைவர் சாரைக் கூப்பிட்டனுப்பினார். "நீங்க சொல்லுங்க சார். நான் போட்ட விடை தப்பா?"

சார் அவளைப் பார்க்கவில்லை. மின்விசிறியைப் பார்த்தார். "மேடம் சொல்றது ஒரு விதத்துல சரிதான்."

வீட்டுக்கு வந்து கொட்டித் தீர்த்தாள். அக்கா முதலில், "விட்டுத்தள்ளு, உன் ப்ராஜெக்ட் அந்தம்மா கையிலதானே இருக்கு" என்றாள். பிறகு சார் சொன்னதைக் கேட்டதும் கையிலிருந்த கரண்டியை டம்மென்று வைத்தாள். "ஒரு விதத்துலயா? எந்த விதத்துலயாம்? எழுதிப் போடுடி மேலிடத்துக்கு!"

எழுதிப் போட்டாள். இரண்டு மரங்களையும் பெரிதாக வரைந்து, தேர்வுக் குழுவுக்கு மனு கொடுத்தாள். சில நாள் கழித்து அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள்: அந்தக் கேள்வி நீக்கப்படுகிறது, அதற்குரிய பத்து மதிப்பெண்ணும் அனைவருக்கும் வழங்கப்படும்.

வகுப்பே அவளைச் சூழ்ந்துகொண்டது. தினமும் தாமதமாக வருவதால் லேட்டு என்று பெயர் வாங்கியவன், அந்தப் பக்கத்தில் ஒரு கோடுகூடப் போடாதவன், அவளுக்கு டீ வாங்கி வந்தான். "மரக்கடை, உன் புண்ணியத்துல பாஸாயிட்டேன்!"

டீயை அவள் தொடவில்லை. சரியாக எழுதியவளுக்கும் பத்து, ஒன்றுமே எழுதாதவனுக்கும் பத்து. அவள் சொன்னது சரி என்று ஒரு வரிகூட எங்கும் இல்லை.

மறுபடி துறைத்தலைவரிடம் போனாள். "எனக்கு இனாம் வேண்டாம் மேடம். என் விடை சரின்னு எழுதிக் கொடுங்க."

"முழு மார்க் வந்தாச்சு. இன்னும் என்ன வேணும் உனக்கு? போய்ப் படிக்கிற வேலையப் பாரு."

அடுத்த வகுப்பில் சார் புதுப் பாடத்தைத் தொடங்குவதற்குள் அவள் எழுந்து நின்றாள்.

"சார், ஒரு சந்தேகம்." காவலாளி வாக்கியத்தை நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். "இதுக்கு எத்தனை மரம்?"

சார் சாக்பீஸை எடுத்துக்கொண்டு போர்டுப் பக்கம் திரும்பினார். பிறகு ஒரு மரம் வரைந்தார். தயங்கி, பக்கத்தில் இன்னொன்றும் வரைந்தார்.

"ரெண்டும் சரி" என்றார், திரும்பாமலே.

"யார்கிட்ட சார் சொல்றீங்க, போர்டுகிட்டயா?"

யாரோ சிரிக்கத் தொடங்கி அடக்கிக்கொண்டார்கள்.

"அன்னைக்கு மேடம் ரூம்ல கேட்டப்போ இந்த ரெண்டாவது மரம் எங்க சார் போச்சு?"

"உட்காரும்மா."

அவள் உட்காரவில்லை. விடைத்தாளை நீட்டினாள். சார் மேடையிலிருந்து இறங்கி வந்து அதை வாங்கினார். அந்தச் சிவப்புச் சொல்லை அடித்தார், 'இரு விடைகளும் சரி' என்று ஆங்கிலத்தில் எழுதினார், கையெழுத்தும் போட்டார். தாளைத் திருப்பித் தரும்போது அவர் முகம் வெளுத்திருந்தது. அவள் வாங்கி மடித்து வைத்துக்கொண்டாள், நன்றி சொல்லவில்லை.

வகுப்பு முடிந்து படியிறங்கும்போது லேட்டு கூடவே ஓடிவந்தான். "அதான் அடிச்சுக் கொடுத்துட்டாரே, இன்னும் எதுக்கு மூஞ்சிய இப்படி வச்சிருக்க?"

"அடிக்கணும்னு அவருக்குத் தெரியாம இருந்திருந்தா மன்னிச்சிருப்பேன்டா" என்றாள். "கன்ஃப்யூஸ்டுன்னு எழுதும்போதே தெரிஞ்சிருக்கு."