பெரியம்மை இல்லை

‘பெரியம்மை இல்லை’ என்று எழுதும் நாள் எனக்குத் திருநாள். 1968-இல் அஞ்செட்டி மலை ஊர்களுக்கு அம்மை குத்தும் உத்தியோகம் எனக்கு. தை மாதம், அங்கே போனால் எனக்கு மோர் கொடுக்கும் சம்பங்கி, தன் ஊரில் பிள்ளைகள் உடம்பெல்லாம் சிவந்து படுத்திருப்பதாகச் சேதி அனுப்பினாள். பஸ் இல்லாத பாதையில் அரக்கப்பரக்க நடந்தேன். போய்ப் பார்த்தால் பெரியம்மை இல்லை, வெறும் மணல்வாரி, தட்டம்மை. சிரித்துவிட்டேன்.

“இதுக்கா இப்படிப் பயந்த? இது சும்மா அம்மை. தண்ணி ஊத்துனா போயிடும்” என்றேன் சம்பங்கியிடம். பெரியம்மைக்கான என் நோட்டில் மணல்வாரிக்கு இடமே கிடையாது. படுத்திருந்த பிள்ளைகளை எண்ணினேன், எழுதவில்லை. அவள் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு மலை இறங்கினேன்.

பங்குனியில் மலை முழுக்கக் கக்குவான் இருமல். மற்ற ஊர்களில் பிள்ளைகள் இருமி இருமித் தேறிக்கொண்டார்கள். சம்பங்கியின் ஊரில் ஐந்து பேர் செத்தார்கள். ஐந்தும் நான் பார்த்துச் சிரித்த பிள்ளைகள். அவள் மகன் மாதப்பனும் அதில் ஒருவன்.

பெரிய டாக்டர் ஜீப்பில் என்னையும் ஏற்றிக்கொண்டு வந்தார். சம்பங்கியின் வீட்டெதிரே நிறுத்திக் கேட்டார்.

“இங்க மட்டும் ஏன்யா இத்தனை சாவு? முன்னாடி மணல்வாரி வந்துதா? அது வந்துபோன உடம்பு சில மாசத்துக்கு எதையும் தாங்காது. சொல்லு, மிச்சப் பிள்ளைங்களை ஆஸ்பத்திரியில சேத்துடலாம்.”

“இல்லைங்க சார்” என்றேன்.

வாய் தவறிவிட்டது என்று எனக்கு நானே பல வருடம் சமாதானம் சொல்லியிருக்கிறேன். பொய். வேலை போய்விடும் என்ற பயம்தான்.

வாசலில் நின்ற சம்பங்கி பதறிக்கொண்டு வந்தாள், எனக்காகப் பரிந்து பேச.

“ஐயாவைத் திட்டாதீங்க சாமி. வந்தது சும்மா அம்மைதானுங்க, ஐயாவே பாத்துச் சொன்னாரு. இவளுக்கும் அப்பத்தான் வந்துச்சு.”

இடுப்பில் இருந்த சின்னவள் நாகம்மா இருமினாள். சம்பங்கி அவள் கையைத் தூக்கி, நான் குத்திய அம்மைத் தழும்பை என்னிடம் காட்டினாள்.

“இது இருக்குதுங்களே ஐயா. இவளை இருமல் ஒண்ணும் பண்ணாதில்ல?”

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. டாக்டரும் என்னைப் பார்க்கவில்லை.

“மொத்தம் எத்தனை பேருக்கு வந்துது?” என்றார்.

“பதினெட்டுங்க சார்” என்றேன். “இப்ப பதிமூணு.”