ரஞ்சிதம் சொல்லாதது

தங்கவேல் வாழ்க்கையில் யாரையும் கைநீட்டி அடித்ததில்லை. நாடு அணுகுண்டு வெடித்துப் பார்த்த நாளில் ஊரே லட்டு கொடுத்தபோது, திருத்தணி பஸ் ஸ்டாண்டில் தனியாளாகக் கறுப்புத் துணி கட்டி நின்று அடி வாங்கியவர். அன்றிலிருந்து தன் சிறுபத்திரிகையில் போர் வேண்டாம் என்று எழுதிக்கொண்டே இருக்கிறார். சூரனை வதைத்த கோபம் தணிந்து முருகன் நின்ற மலை இது, அதனால்தான் சஷ்டிக்கு இங்கே சூரசம்ஹாரம் இல்லை, பூவைக் கொட்டுகிறார்கள் என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லுவார். கேட்பவர்களுக்கு மனப்பாடமே ஆகிவிட்டது.

எல்லையில் சண்டை மூண்டபோது திருவாலங்காட்டு ரஞ்சிதத்தைப் பேட்டி எடுத்தார். அவள் கணவன் ராணுவத்தில் இருந்தான்.

"யாரும் ஜெயிக்க வேணாம் சார். அவரு வீட்டுக்கு வந்தா போதும். பேரு மட்டும் போட்டுடாதீங்க" என்றாள்.

"ஆங்" என்று தலையாட்டினார். ஆனால் பெயரில்லாத பேச்சை யார் நம்புவார்கள்? பெயரோடு போட்டோவையும் சேர்த்தே போட்டார். போனுக்குப் போன் அது பரவியது. பாராட்டுகள் குவிந்ததில் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

சஷ்டியன்று காலை, ரஞ்சிதம் துணிப்பையோடு அவர் வாசலில் வந்து நின்றாள்.

"மாமியா வெளிய போன்னுட்டாங்க சார். ஊரே என்னை துரோகின்னு பேசிகினு இருக்குது. அவரும் போனை எடுக்க மாட்றாரு. கூட இருக்கறவங்க அவரைக் கிண்டல் பண்றாங்களாம்."

தங்கவேல் கூசிப்போனார். ஊருக்கெல்லாம் அகிம்சை சொன்னவர் இந்தப் பெண்ணை வீட்டைவிட்டுத் துரத்தியிருக்கிறார்.

"நான் அப்டி சொல்லவேயில்லன்னு போடுங்க சார். அது போதும்."

போட்டால் இத்தனை காலம் எழுதியதெல்லாம் பொய்யன் எழுத்தாகிவிடும். ஒரு கணம் அதைத்தான் யோசித்தார். அப்போதும் தன் பெயரைப் பற்றியே யோசித்தோமே என்று அருவருப்பாக இருந்தது.

போனை எடுத்து எழுதினார். 'ரஞ்சிதம் அப்படிச் சொல்லவில்லை. முழுக்க என் கற்பனை. அவரிடமும் குடும்பத்தாரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்.' எல்லாருக்கும் அனுப்பிவிட்டு அவளிடம் காட்டினார்.

அவள் நிதானமாகப் படித்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு படியிறங்கியவள் திரும்பிப் பார்த்தாள்.

"ஆனா நெசமாவே அவரு வந்தா போதும் சார். இத இனிமே நான் யார்கிட்ட சொல்லுவேன்?"

என்கிட்ட சொல்லும்மா என்று நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொல்ல அவருக்கு வாயில்லை.